சொல்லும் குறிப்பும்

ஒருவர் மனத்தில் இருக்கும் சொல்லை மற்றொருவர் வாயிலிருந்து வரவழைப்பது எளிதா? எளிது என்றே பலரும் எண்ணுவர். ஆனால், அந்தச் சொல்லைக் கூறுதல் ஆகாது, ஒரே ஒரு சொல்லையே குறிப்பாகத் தரலாம் என்று இரு விதிகளை வைத்துவிட்டால், பெரும் பேச்சாளரும் தடுமாறக் காண்கின்றோம். இத்தடுமாற்றத்தையே மூலதனமாக்கி எழுந்த விளையாட்டொன்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொலைக்காட்சி உலகில் வாழ்ந்து வருகின்றது.

அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1961 ஆம் ஆண்டு ஒக்டோபர் 2 ஆம் நாள் ‘பாஸ்வேர்ட்’ என்னும் நிகழ்ச்சி தொடங்கியது. அதனை ஆக்கியவர் பொப் ஸ்டுவாட். நடத்தியவர் அலன் லடன். இரண்டு அணிகள், அணிக்கு இருவர். ஒருவர் புகழ்பெற்ற நடிகரோ நடிகையோ. மற்றவர் நம்மைப் போன்ற ஒரு சாதாரணக் குடிமகன். குறிப்புத் தருவோருக்குச் சொல் காட்டப்படும். அவர் ஒரு சொற் குறிப்புத் தருவார், துணைவர் ஊகிப்பார். தவறினால் மறு அணியின் முறை. முதற் குறிப்பிலேயே கண்டவருக்குப் பத்துப் புள்ளிகள். பின்வரும் ஒவ்வொரு குறிப்புக்கும் ஒன்று குறையும். முதலில் 25 புள்ளிகளை எட்டிய அணி 100 டொலர் வென்றது. அதன்பின் 60 விநாடிகளில் ஐந்து சொற்கள். சொல் ஒன்றுக்கு 50 டொலர்.

பார்ப்பவருக்கு விடை முன்னரே தெரியும் என்பதே இந்நிகழ்ச்சியின் நுட்பம். அறிவிப்பாளர் மெல்லிய குரலில் அதனைச் சொல்லிவிடுவார். ஆகையால் வீட்டிலிருப்போர், ‘இது தெரியவில்லையா, இன்ன குறிப்பைக் கொடுத்திருக்கலாமே’ என்று துடிப்பர். வெள்ளித்திரையில் வீரம் பேசிய நடிகர், பக்கத்தில் அமர்ந்த குடும்பத் தலைவியின் ஒற்றைச் சொல்லுக்கு விடை தெரியாது விழிப்பதைக் காணும்போது, புகழ் என்பது சொல்லின் முன் எவ்வளவு சிறியது என்பது விளங்கும். விருந்தினராக வந்து இவ்விளையாட்டில் பெயர் பெற்றவர் நடிகை பெற்றி வைற். அவர் 1963 இல் நிகழ்ச்சித் தலைவர் லடனையே மணந்துகொண்டார். 1967 இல் சி.பி.எஸ். இதனை நிறுத்திய பின்னரும் பல வடிவங்களில் இது உயிர்பெற்றது. 2022 இல் என்.பி.சி. தொலைக்காட்சியில் மீண்டும் வந்தது.

அதே ஸ்டுவாட் 1973 இல் ‘பிரமிட்’ என்னும் மற்றொரு விளையாட்டையும் தந்தார். அதன் இறுதிச் சுற்றில் முறை தலைகீழாகும். குறிப்பளிப்பவர் பொருள்களை வரிசையாகச் சொல்வார். அவை எல்லாம் எந்த வகையைச் சேர்ந்தவை என்பதைத் துணைவர் கூறவேண்டும். 60 விநாடிகளில் ஆறு வகைகளையும் கண்டுவிட்டால் 10,000 டொலர் பரிசு.

இதனைப் புதுமை என்று வியக்கும் வாசகர்கள் நம் நிகண்டுகளை ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக. சேந்தன் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளை உடையது. பதினொராந் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்துரைப்பது. பன்னிரண்டாந் தொகுதியோ பல்பொருட் கூட்டத்து ஒருபெயரைக் கூறுவது. இருசுடர் எவை, நாற்படை எவை என்பன போன்றவற்றை வகுப்பது. அமெரிக்கர் பரிசு வைத்து ஆடியதை, திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் நிகண்டுகளை மனனஞ் செய்து பயின்றனர். திருக்குறளிலும் ‘குறிப்பறிதல்’ என்னும் பெயரால் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஒன்று பொருட்பாலில், மற்றொன்று காமத்துப்பாலில். அரசவைக்கும் காதலுக்கும் ஒரே கலை வேண்டும் என்று வள்ளுவர் கருதினார் போலும்!

தமிழிலும் இத்தகைய நிகழ்ச்சிகள் வாராமல் இல்லை. இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீட் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ பின்னர் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியிலும் புகழ்பெற்றது. கொடுத்த எழுத்துக்குப் பாட்டைத் தேடும் விளையாட்டு அது. விஜய் தொலைக்காட்சியில் ஜேம்ஸ் வசந்தன் நடத்திய ‘ஒரு வார்த்தை ஒரு லட்சம்’ சொல்லுக்குச் சொல்லையே தேடிற்று. இத்தகைய ஆட்டத்தைத் தமிழ்ச் சொற்களாலேயே ஆடுவதென்றால், நாம் எத்தனை சொற்களைக் கடனாக வாங்கிப் புழங்குகின்றோம் என்பது உடனே வெளிப்பட்டுவிடும். ‘பஸ்’ என்று நாவின் நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டுப் ‘பேருந்து’ என்பதைத் தேடும் அந்த இரண்டு விநாடியில் ஆட்டமே கைமாறிவிடக்கூடும்.

இனி, நம் மட்டக்களப்புப் பக்கம் வருவோம். வாழைச்சேனைக்கு வடக்கே, வாகரை செல்லும் வழியில் உள்ளது மாங்கேணி. அவ்வூர்ப் பெயரே ஒரு சிறந்த குறிப்பு விளையாட்டு. ‘மா’ என்றால் என்ன? விலங்கு என்பார் ஒருவர். பெரியது என்பார் இன்னொருவர். புட்டுக்குக் குழைக்கும் மா என்பார் வீட்டுப் பெண்கள். இருபதில் ஒரு பங்கு என்பார் பழைய கணக்கர். ஆனால் நடுவே நிற்கும் ‘ங்’ என்னும் ஓரெழுத்து, ‘மாங்காய்’ என்பதிற்போல, மரத்தையே சுட்டுகின்றது. மரப்பெயரை அடுத்து இனமெல்லெழுத்துத் தோன்றும் என்பது இலக்கணம். ஓரெழுத்தே குறிப்பாகிவிட்டது!

இவ்விளையாட்டை அவ்வூர் வீடொன்றில் ஆடுவதாகக் கொள்வோம். கண்டறியவேண்டிய சொல் ‘வாவி’. ‘நீர்’ என்று குறிப்புத் தந்தால் ‘கடல்’ என்பது விடையாகலாம். ‘உவர்’ என்றால் ‘உப்பு’ என்பார்கள். ‘மட்டக்களப்பு’ என்று ஒரு சொல் சொன்னாற் போதும். பாட்டனும் பேரனும் ஒரே குரலில் ‘வாவி’ என்பர். அதே குறிப்பை வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பேரனிடம் கூறினால்? அவன் அறிவிற் குறைந்தவன் அல்லன். ஆயினும் ‘மட்டக்களப்பு’ என்ற சொல்லுக்கும் ‘வாவி’ என்ற சொல்லுக்கும் இடையே அவன் மனத்தில் பாதை இல்லை. தோணியும் அத்தாங்கும் கண்டிராதவனுக்கு அப்பாதை எங்ஙனம் தோன்றும்?

மற்றொன்று. ‘வயல், பச்சை, அறுவடை’ என்று குறிப்புத் தந்தால் சென்னையில் உள்ளவர் ‘நெல்’ என்பார். மட்டக்களப்பார் ‘வேளாண்மை’ என்பார். ஏனெனில் இங்கே வேளாண்மை என்பது வயலில் நிற்கும் நெற்பயிரையே குறிக்கும். இரண்டு விடைகளும் தமிழே, இரண்டும் சரியே. ‘பிறகு’ என்ற சொல்லுக்கு நம்மவர் ‘மறுகா’ என்று விடையளித்தால் புள்ளி கொடாத நடுவர், தமிழின் ஒரு பகுதியை அறியாதவரே ஆவார்.

ஆகவே, இவ்விளையாட்டு அளப்பது தனி ஒருவரின் சொல்வளத்தை மட்டும் அன்று. இருவருக்கிடையே பொதுவாக உள்ள வாழ்வை அளக்கின்றது. அகராதி முழுவதையும் கற்றவராயினும், எதிரே இருப்பவர் அறியாத அருஞ்சொல்லைக் குறிப்பாகத் தந்தால் அவர் தோற்பார். துணைவரின் மனத்தை அறிந்தவர், மிக எளிய சொல்லாலேயே வெல்வார். போரும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் நம் கரையோரக் குடும்பங்களைப் பல திசைகளில் சிதறடித்தன. தொழில் கைவிடப்படும்போது தொழிலின் சொற்களும் கைவிடப்படுகின்றன. வலையின் உறுப்புகளுக்கும் காற்றின் வகைகளுக்கும் கரையில் வழங்கிய பெயர்களைத் தம் பிள்ளைகள் கேட்டறியவில்லையே என்று வருந்தும் முதியோர் பலர். வருந்துவதால் மட்டும் அவை கைம்மாறிச் செல்லமாட்டா.

இதற்கு மேடையும் ஒளிவிளக்கும் இலட்ச ரூபாயும் வேண்டியதில்லை. பழைய நாட்காட்டித் தாள்களை வெட்டி, முதியவர் ஒருவர் இருபது சொற்களை எழுதட்டும். மாணவர் ஒருவர் இருபது எழுதட்டும். பாட்டியோடு பேரனும் தாத்தாவோடு பேத்தியும் அணி சேரட்டும். ஒரு குறிப்புக்கு ஒரு சொல். சொல்லின் எந்தப் பகுதியையும் குறிப்பிற் கூறலாகாது. அயற்சொல்லுக்குப் புள்ளி இல்லை. ஊர்வழக்குச் சொல்லுக்கு முழுப்புள்ளி உண்டு. ஆட்டம் முடிந்ததும், எவருக்கும் விடை தெரியாமற்போன தாள்களை மட்டும் எடுத்து ஒரு புறம் வையுங்கள். அச்சொற்களின் பொருளை எழுதியவரிடமே கேட்டு, மாணவர்கள் தம் குறிப்பேட்டில் பதிவு செய்துகொள்வார்களாக. வென்றவர் யார் என்பது மறுநாள் மறந்துபோகும். அந்தத் தாள்களோ வீட்டின் சொத்தாக நிற்கும்.