டெற்றாசைக்கிளின் மருந்துகளும் கல்சியமும்

ஐக்கிய அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்து விளைநிலமொன்றின் மண், 1945 ஆம் ஆண்டில் லெடர்லி ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த பெஞ்சமின் டகரிடம் வந்து சேர்ந்தது. எழுபது வயதைக் கடந்து, பேராசிரியப் பதவியினின்று ஓய்வுபெற்ற பின்னரே இத்துறையிற் புகுந்தவர் அத் தாவரவியலறிஞர். அம்மண்ணில் வாழ்ந்த பொன்னிற நுண்ணங்கியொன்றிலிருந்து பெறப்பட்ட ஓரியோமைசின் 1948 இல் வெளிவந்தது. பின்னர் அதன் மூலக்கூறிலிருந்து குளோரின் அணுவை நீக்கி, லொயிட் கொனோவர் டெற்றாசைக்கிளினை ஆக்கினார். ஒன்றோடொன்று இணைந்த நான்கு வளையங்களே இவ்வினத்துக்குப் பெயர் தந்தன.

பெனிசிலின் பற்றீரியாவின் சுவரைச் சிதைப்பது. இவையோ உட்புகுந்து, புரதத்தை ஆக்கும் இறைபோசோமின் சிறிய கூற்றைப் பற்றிக்கொண்டு, அமினோ அமிலங்கள் அங்கு வந்து சேராவண்ணம் தடுக்கின்றன. புரதமின்றேல் பற்றீரியா பெருகாது. ஆயினும் பெரும்பாலும் உடனே இறப்பதில்லை. எஞ்சியவற்றை அழிப்பது நோயாளியின் உடலே. கலங்களுக்குள் ஒளிந்து வாழும் கிருமிகளையும் இவை எட்டுவதால், பெனிசிலினுக்கு அடங்காத தைபசுக் காய்ச்சல்களில் இவை பெரிதும் பயன்படுகின்றன. இலங்கையில் எலிக்காய்ச்சல் பரவும் பகுதிகளில், சேற்றில் இறங்கும் நெல் விவசாயிகளுக்கு வாரமொருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் தடுப்பாக வழங்கப்படுவதுண்டு.

இனி இம்மருந்தின் குறைக்கு வருவோம். கல்சியம், மகனீசியம், இரும்பு ஆகியவற்றைக் கண்டால் டெற்றாசைக்கிளின் அவற்றோடு இறுகப் பிணைந்துவிடும். அப்பிணைப்புக் குடலில் எளிதில் உறிஞ்சப்படாது. வெறுவயிற்றில் மாத்திரை கூடாதென்று பரிவோடு பால் காய்ச்சிக் கொடுக்கும் தாய், அறியாமலே மருந்தின் பெரும்பகுதியை வீணாக்குகிறாள். நெஞ்செரிவுக்கு உண்ணும் மாத்திரைகளும் இரும்புச்சத்து மாத்திரைகளும் அவ்வாறே. நீருடன், உணவுக்கு ஒரு மணி முன்னரோ இரண்டு மணி பின்னரோ அருந்துதலே முறை.

இதே பிணைப்புத்தான் வளரும் பல்லிலும் நிகழ்கிறது. எட்டு வயதுக்குட்பட்டோர் உண்டாலும், கருப்பத்தின் பிற்பகுதியில் தாய் உண்டாலும், பிள்ளையின் பற்கள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறைபடும். அக்கறை துலக்கிப் போக்கக்கூடியதன்று. எலும்பிலும் அது தங்கும். சூடானிய நூபியாவின் பழைய எலும்புகள் ஊதாக்கடந்த ஒளியில் மஞ்சட்பச்சையாக மிளிர்ந்ததை ஆய்வாளர் 1980 இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 350 முதல் 550 வரையான காலத்து மக்கள் அவர்கள். உண்ட தானியத்தில் அல்லது பருகிய மதுவில் வளர்ந்த நுண்ணங்கியே அதற்குக் காரணமாகக் கொள்ளப்படுகிறது.

1967 இல் வழக்குக்கு வந்த டொக்சிசைக்கிளினுக்குக் கல்சியப் பற்றுக் குறைவு. ஆதலால் உயிருக்கு ஆபத்தான தைபசில் சிறுவர்க்கும் அதனைச் சில நாள் கொடுக்க மருத்துவர் தயங்குவதில்லை. ஆனால் அது தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கும். நிறைய நீருடன் விழுங்கி, அரைமணி நேரமாயினும் படுக்காதிருத்தல் வேண்டும்.