பிரௌசருக்குத் தெரியாத பெயர்

2022-இல் எத்தீரியம் என்ற கிரிப்டோ உலகத்தில் ஒரு விநோதம் நடந்தது. யாராலும் பறிக்க முடியாதவை என்று விற்கப்பட்ட 'டாட் எத்' பெயர்களைச் சாதாரண பிரௌசரில் திறக்க 'எத் டாட் லிங்க்' என்ற பழைய பாணி டொமைன் பாலமாக இருந்தது. அதைத் தன் பெயரில் பதிந்திருந்த விர்ஜில் கிரிஃபித், வடகொரியத் தடைகளை மீறிய வழக்கில் அமெரிக்கச் சிறையில் இருந்தார். புதுப்பிக்க ஆளில்லாமல் டொமைன் காலாவதியாகி வேறு கைக்குப் போனது. அதை மீட்க, டாட் எத் பெயர்களை நடத்துபவர்கள் எங்கே போனார்கள்? நீதிமன்றத்துக்குத்தான்.

பாலம் எதற்கு? சாதாரண பிரௌசரில் தட்டும் எந்தப் பெயரும், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் மூலப் பட்டியலில் தொடங்கித்தான் தேடப்படுகிறது. அதில் டாட் எத் இல்லை. ஆங்கிலத்தில் அந்த மூன்றெழுத்து (ETH) எத்தியோப்பியாவின் சர்வதேசக் குறியீடு என்பதால், சேர்வதும் லேசில் நடக்காது.

டாட் எத் பெயர்களைத் தருவது எத்தீரியம் பிளாக்செயினில் 2017 மே முதல் ஓடும் ஒரு நிரல். அதன் உண்மையான பயன் வேறு. எத்தீரியம் வாலட் முகவரிக்கு 42 எழுத்து. தவறான முகவரிக்கு அனுப்பிய பணம் திரும்பாது. அந்த நீளத்துக்குப் பதில் 'விட்டாலிக் டாட் எத்' போன்ற ஒரு பெயரைத் தட்டினால் போதும். போனில் எண்ணைப் பெயர்போட்டு வைப்பது மாதிரி, ஆனால் ஊருக்கே பொதுவான போன்புக்.

ஐந்தெழுத்தோ அதற்கு மேலோ உள்ள பெயருக்கு ஆண்டுக்கு 5 டாலர், நாலெழுத்துக்கு 160, மூன்றெழுத்துக்கு 640. பரிவர்த்தனைக் கட்டணம் தனி. கெடு தாண்டினால் புதுப்பிக்க 90 நாள் அவகாசம் உண்டு.

இந்த யோசனைக்கு முன்னோடி 2011-இல் வந்த நேம்காயின். 2015-இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் அதைத் துருவியபோது, பதிவான சுமார் 1,20,000 பெயர்களில் உருப்படியாகப் பயன்பட்டவை வெறும் 28. மற்றதில் பெரும்பாலானவை பின்னால் விற்கலாம் என்று வளைத்துப்போட்டவை. அந்த ஆசை இன்னும் அடங்கவில்லை: 2021-இல் 'பாரடைம் டாட் எத்' எத்தீரியத்தின் நாணயமான ஈத்தரில் 420-க்குக் கைமாறியது.

வாங்கலாமா? ஈத்தரில் அடிக்கடி பணம் பெறுபவருக்கு 5 டாலர் தண்டமில்லை. கடைக்கு இணையதளம் வேண்டுபவர் டாட் இன்னோ, தமிழெழுத்திலேயே கிடைக்கும் டாட் இந்தியாவோ வாங்கட்டும். எந்த பிரௌசரிலும் திறக்கும். டாட் எத்திலோ, வாலட்டின் ரகசியச் சாவி தொலைந்தால் முறையிட கஸ்டமர் கேர் கிடையாது. இன்னொன்று: சொந்தப் பெயரை வாலட்டில் மாட்டிக்கொண்டால், அதிலுள்ள இருப்பையும் வரவு செலவையும் யார் வேண்டுமானாலும் ஈத்தர்ஸ்கேன் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம், கடன் கேட்க வரும் மைத்துனர் உட்பட.