ஊசி போட்டுக்க வயசு பத்தாது... ஆனா, தெருவையே கூட்டிட்டுப் போகலாம்!

2021 ஜூன் மாதம். அப்போ உங்களுக்கு 16 வயசுன்னு வெச்சுக்கோங்க. ஸ்கூல் மொத்தமும் போனுக்குள்ள வந்துடுச்சு. காலையில ஆன்லைன் கிளாஸ், சாயங்காலம் மொட்டை மாடி, நடுவுல தூக்கம். மே 21-ம் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000-க்கும் அதிகமானவர்களுக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. அந்த எண்ணிக்கை இப்போதுதான் மெல்ல இறங்க ஆரம்பித்திருக்கிறது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், 'யார் வீட்டுக்கு' என்று எட்டிப் பார்க்கவே பயமாக இருந்த நேரம்.

பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடுகிறார். "தம்பி, இந்த ஊசிக்கு போன்ல ஏதோ பதியணுமாமே... எனக்கு அதெல்லாம் எங்க தெரியுது? அப்படியே விட்டுடலாம்னு இருக்கேன்."

45 வயதைத் தாண்டியவர்கள் அரசு மையத்துக்கு நேராகப் போயே பதிந்துகொள்ளலாம் என்பது பாட்டிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். பாட்டியின் உயிருக்கும் ஊசிக்கும் நடுவில் அந்த நிமிடம் இருந்தது இந்த ஒரு தகவல்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 18 வயது நிரம்பியவர்களுக்கே 2021 மே 1-ல்தான் கதவு திறந்தது. 15 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 2022 ஜனவரி 3 வரை காத்திருப்பு. ஆக, தனக்கு ஊசி கிடைக்காத வயசுப் பசங்கதான் பல வீடுகளில் அப்பா, அம்மா, தாத்தா, எதிர்வீட்டு அத்தை எல்லாருக்கும் கோவின் தளத்தில் ஸ்லாட் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மொபைல் எண்ணில் நான்கு பேரைப் பதியலாம் என்பது அப்போதைய விதி. வீட்டில் மூன்று பேர் என்றால், நான்காவது இடம் பக்கத்து வீட்டுக்கு!

அந்த நான்காவது இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. டாக்டர் சொல்லியும், டி.வி சொல்லியும் நகராத ஒருவர், தெருவில் இருக்கும் ஒரு டீன் ஏஜ் பையனோ பெண்ணோ சொன்னால் ஏன் நகர்கிறார்? அப்படி நகர வைப்பது எப்படி?

'வேண்டாம்' என்பதற்குள் மூன்று காரணங்கள்

ஊசி போடாதவர்கள் எல்லோரும் ஊசிக்கு எதிரிகள் என்று நினைத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, தடுப்பூசித் தயக்கத்தை மூன்றாகப் பிரிக்கிறது. வசதியின்மை, அலட்சியம், நம்பிக்கையின்மை. உங்கள் தெருவில் இந்த மூன்றும் இருக்கும்.

முதலாவது, வசதி. நம்ம பாட்டி இந்த ரகம். அவருக்கு ஊசி மீது கோபம் எதுவும் இல்லை. ஆட்டோவுக்குக் காசு, வெயிலில் வரிசை, ஓ.டி.பி, எந்த அடையாள அட்டை என்ற குழப்பம்... இவைதான் தடை. இவரிடம் ஆன்டிபாடி பற்றி லெக்சர் எடுத்தால் வீண். கூட வருகிறேன் என்று சொன்னால் போதும். 2021 செப்டம்பர் 12-ம் தேதி தமிழ்நாடு அரசு 40,000 இடங்களில் மெகா முகாம் நடத்தியது. இலக்கு 20 லட்சம் டோஸ். போடப்பட்டதோ 28 லட்சத்துக்கும் மேல். அதற்கு முந்தைய மாதங்களில் ஊசித் தட்டுப்பாடும் இருந்தது என்பது உண்மை. ஆனால், ஊசி வீட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது ஜனங்கள் வந்தார்கள் என்பதும் உண்மை.

இரண்டாவது, அலட்சியம். "எனக்கெல்லாம் ஒண்ணும் வராதுப்பா. தினமும் மிளகு ரசம் சாப்பிடுறேன்" என்கிற மாமா. இவரிடம் 'உங்களுக்கு வந்தால்' என்று ஆரம்பித்தால் சிரிப்பார். 'உங்களால் யாருக்கு வரும்' என்று கேட்டால் யோசிப்பார். வீட்டில் சுகர் இருக்கும் மனைவி, ஆறு மாதப் பேத்தி... அவருடைய அக்கறை எங்கே இருக்கிறதோ, அங்கே இருந்து பேச வேண்டும்.

மூன்றாவது, நம்பிக்கை. இதுதான் கடினம். ஏனென்றால், பயத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு நிஜச் சம்பவம் இருக்கும்.

நடிகர் விவேக்கும் ஒரு தெருவின் பயமும்

2021 ஏப்ரல் 15. சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் நடிகர் விவேக் கோவாக்சின் போட்டுக்கொண்டார். தனியாரில் போடும் வசதி இருந்தும், மக்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று அரசு மருத்துவமனைக்கு வந்தார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி அதிகாலை மரணம்.

இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாகவும், ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும் மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். ஊசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும், மரணத்துக்கு ஊசி காரணமில்லை என்ற முடிவுக்கே வந்தது. ஆனால், அந்த முடிவு வெளியே வரும்போது அக்டோபர் ஆகிவிட்டது. அந்த ஆறு மாதமும் வாட்ஸ்அப் சும்மா இருக்குமா?

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பிரபலம் ஒருவர் ஊசி போட்டால் ஊரே பார்க்கும். ஆனால், சந்தேகம் வந்தால் அவரிடம் போய்க் கேட்க முடியாது. "அவருக்கே இப்படின்னா எனக்கு?" என்ற கேள்விக்கு எதிரில் உட்கார்ந்து பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்.

எல்விஸ் போட்ட ஊசி, பசங்க தட்டிய கதவு

டீன் ஏஜ் பசங்க இப்படிக் களத்தில் இறங்கியது கொரோனா காலத்தில்தான் முதல்முறை என்று இல்லை. 1950-களின் அமெரிக்காவில் போலியோ பயம் உச்சத்தில் இருந்தது. 1955 ஏப்ரல் 12-ம் தேதி ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி பாதுகாப்பானது, பலன் தருவது என்று அறிவிக்கப்பட்டதும் நாடே கொண்டாடியது. சில நாட்களிலேயே ஓர் இடி. சரியாகச் செயலிழக்கச் செய்யப்படாத சில தொகுதி மருந்துகளால் குழந்தைகளுக்கே போலியோ வந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. தயாரிப்புக் கண்காணிப்பு கடுமையாக்கப்பட்டு, ஊசி மறுபடியும் வந்தது.

சின்னக் குழந்தைகளை பெற்றோர் அழைத்து வந்தார்கள். டீன் ஏஜ் பசங்கதான் வரவில்லை. 'அது குழந்தைங்களுக்கு வர்ற நோய்' என்ற நினைப்பு. அதே அலட்சியம்! 1956 அக்டோபர் 28-ம் தேதி, 21 வயது எல்விஸ் பிரெஸ்லி நியூயார்க்கில் ஒரு டி.வி நிகழ்ச்சிக்கு முன்பாக கேமராக்கள் முன் ஊசி போட்டுக்கொண்டார். படம் நாடு முழுக்கப் பரவியது.

அதன்பிறகு நடந்ததுதான் நமக்கான பாடம். போலியோ ஒழிப்பு அமைப்பின் துணையோடு டீன் ஏஜ் பசங்களே குழுவாகச் சேர்ந்தார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். ஊசி போட்டவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று நடனக் கொண்டாட்டங்கள் நடத்தினார்கள். ஒரு நட்சத்திரத்தின் படம் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. 'நீ போட்டாச்சா?' என்று பெயர் சொல்லிக் கேட்க, தெருவில் தெரிந்த ஒருவர்தான் வேண்டியிருந்தது.

பேசுறதுக்கு முன்னாடி, கேளுங்க

சரி, எதிர்வீட்டு அக்கா "பயமா இருக்கு" என்கிறார். உடனே போனை எடுத்து வீடியோ காட்டத் தோன்றும். வேண்டாம். "எதை நினைச்சு பயமா இருக்குக்கா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுங்கள். சிலருக்கு ஊசி மீது பயம் இல்லை, காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் சம்பளம் போகுமே என்ற பயம். அதற்கு பதில் விஞ்ஞானத்தில் இல்லை, சனிக்கிழமையில் இருக்கிறது. மறுநாள் விடுமுறை பார்த்துப் போட்டால் சரி.

உண்மையான சந்தேகங்களுக்கு எளிமையான பதில்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

"ஊசியாலயே கொரோனா வந்துடுமா?" வராது. கோவாக்சினில் இருப்பது ரசாயனத்தால் செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். கோவிஷீல்டில் இருப்பது உடலில் பெருக முடியாதபடி மாற்றப்பட்ட வேறொரு வைரஸ். கொரோனாவின் மேலே இருக்கும் கூர்முனைப் புரதத்துக்கான குறிப்பை மட்டும் அது சுமந்து வருகிறது. இரண்டுமே நம் உடம்புக்கு எதிரியின் அடையாளத்தைக் காட்டும் வேலையைத்தான் செய்கின்றன.

"அப்புறம் ஏன் காய்ச்சல்?" உடம்பு அந்த அடையாளத்தைப் படித்துக்கொள்கிறது. பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். காய்ச்சல் வராதவர்களுக்கு ஊசி வேலை செய்யவில்லை என்றும் அர்த்தம் இல்லை.

"பீரியட்ஸ் நேரத்துல போடக் கூடாதாமே?" மாதவிடாய்க்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் கூடாது என்று 2021 ஏப்ரலில் சுற்றிய ஃபார்வர்டு பொய் என்று மத்திய அரசே மறுத்தது. ஊசிக்குப் பிறகு சிலருக்குச் சுழற்சி சற்றுத் தள்ளிப்போகலாம், அது தற்காலிகமானது என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்லின. குழந்தைப்பேற்றை ஊசி பாதிக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

"பக்க விளைவே கிடையாதா?" இந்தக் கேள்விக்கு மட்டும் "கிடையவே கிடையாது" என்று சொல்லிவிடாதீர்கள். கோவிஷீல்டால் மிக மிக அரிதாகச் சிலருக்கு ரத்த உறைவு ஏற்பட்டது உண்மை. ஒவ்வாமையும் அரிதாக வரலாம். அதனால்தான் ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்தார்கள். 'ஆபத்தே இல்லை' என்று சொல்லிவிட்டு, நாளைக்கு ஒரு செய்தி வந்தால், உங்கள் பேச்சு மொத்தமும் பொய்யாகிவிடும். 'அரிதாக வரும், நோயால் வரும் ஆபத்து அதைவிடப் பல மடங்கு பெரிது' என்பதே நேர்மையான பதில். இதய நோய், கர்ப்பம், ஏற்கெனவே மருந்து ஒவ்வாமை என்றால், உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

விதிகள் மாறும்போதும் இதே நேர்மை தேவை. கோவிஷீல்டின் இரண்டு டோஸ்களுக்கு இடையே முதலில் 4 முதல் 6 வாரம், பிறகு 6 முதல் 8, 2021 மே மாதத்தில் 12 முதல் 16 வாரம் என்று இடைவெளி மாறிக்கொண்டே இருந்தது. "அவங்களுக்கே தெரியலை பாரு" என்று மாமா சொல்வார். புதிய நோயைப் பற்றிப் புதிய தகவல் வர வர, விதியும் மாறும் என்று சொல்லுங்கள். கோபப்படாமல் சொல்லுங்கள்.

'போறேன்' என்பது போதாது

பேசிப் பேசி, அக்கா "சரி, போறேன்" என்று சொல்லிவிட்டார். வெற்றி என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். "என்னிக்குப் போறீங்க, எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள்.

இதற்கு ஆய்வே இருக்கிறது. ஓர் அமெரிக்க நிறுவனத்தில், ஊழியர்களுக்கு ஃப்ளூ ஊசி முகாம் பற்றிக் கடிதம் அனுப்பினார்கள். ஒரு பிரிவினரின் கடிதத்தில் மட்டும், போகப்போகும் தேதியையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளச் சின்னக் கட்டம் இருந்தது. அந்தக் கட்டம் இருந்தவர்களில், ஊசி போட்டவர்கள் விகிதம் சுமார் 4 சதவிகிதப் புள்ளிகள் அதிகம். 2011-ல் வெளியான முடிவு இது. ஒரு சின்னக் கட்டத்துக்கே இவ்வளவு என்றால், "நாளைக்கு ஒன்பது மணிக்கு கேட்டுக்கிட்ட நிக்கிறேன்க்கா" என்று நீங்கள் சொல்வதற்கு?

சில விஷயங்களில் மட்டும் ஜாக்கிரதை. பிறருடைய ஆதார் எண்ணை உங்கள் போனில் போட்டோவாகச் சேர்த்து வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். ஓ.டி.பி-யை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதையும் பாட்டிக்குச் சொல்லிக் கொடுங்கள். சான்றிதழைப் பிரின்ட் போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது டோஸ் தேதியை, அவர் வீட்டு காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

மறுநாள் காலையில் ஒரு நிமிடம் எட்டிப் பாருங்கள். "கை வலிக்குதா, காய்ச்சல் இருக்கா?" இந்த விசாரிப்புதான் இரண்டாவது டோஸுக்கு அவரை அழைத்துவரும். அதுமட்டுமல்ல, அந்தப் பாட்டி அடுத்த வீட்டில் என்ன சொல்லப்போகிறார் என்பதையும் அதுதான் தீர்மானிக்கும்.

சிலர் வரமாட்டார்கள்

எவ்வளவு பேசினாலும் "வேண்டாம்" என்பவர்கள் உண்டு. சண்டை போடாதீர்கள். தெரு குரூப்பில் பெயர் போட்டுக் கிண்டல் செய்யாதீர்கள். அவமானப்பட்டவர் கதவைச் சாத்திக்கொள்வார். "மனசு மாறினா சொல்லுங்க, கூட வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தால், கதவு கொஞ்சம் திறந்தே இருக்கும். ஊசி போட வைக்க முடியாதவருக்கு மருந்து வாங்கிக் கொடுக்கலாம், உடம்பு சரியில்லை என்றால் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லலாம். அவரும் நம் தெருக்காரர்தானே.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாரும் தேதி குறித்துத் தரமாட்டார்கள். வந்தால், அன்றும் முதலில் வருவது ஃபார்வர்டுதான். அதைத் தட்டிவிட ஒரு விரல் போதும். பக்கத்து வீட்டு கேட்டைத் திறக்க ஒரு கை வேண்டும்.

அந்தப் பாட்டியின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால், இன்னிக்கே போய்க் கேட்டு வெச்சுக்கோங்க. நோய் வந்த பிறகு உறவாடப் போனால், கதவு அவ்வளவு சீக்கிரம் திறக்காது.