சென்ற ஆண்டை விடக் கூடுதலா? தேதி பார்த்து ஒப்பிடுவோம்

நம் வணிகர்களில் பலர் இன்று கணக்கைக் கம்ப்யூட்டரில்தான் வைத்திருக்கிறோம். இந்த வருஷம் இதுவரை எத்தனை மூட்டை போயிருக்கிறது, போன வருஷம் எத்தனை என்று கேட்டால் நொடியில் திரையில் வந்துவிடுகிறது. அந்த எண்ணை நம்பித்தான் கொள்முதல் செய்கிறோம், வங்கியில் ஓ.டி. கேட்கிறோம். ஆகவே ஒப்பீடு சரிதானா என்று பார்ப்பது அவசியம்.

முதலில் தேதி. நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது. இந்த ஆண்டின் ஏழு மாதத்தைச் சென்ற ஆண்டின் பன்னிரண்டு மாதத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு வியாபாரம் படுத்துவிட்டது என்று கவலைப்படக் கூடாது. டாலியில் ஆல்ட்-எஃப்2 அழுத்தி இந்த ஆண்டுக்கான தேதிகளைக் கொடுத்தபின், ஆல்ட்-சி அழுத்திப் பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்து, சென்ற ஆண்டின் ஏப்ரல் 1 முதல் அதே தேதி வரை கேட்க வேண்டும். கடைசி மூன்று நாள் பில்கள் இன்னும் ஏற்றப்படவில்லை என்றால், ஏற்றி முடித்த நாளோடு இரண்டு ஆண்டையும் நிறுத்த வேண்டும்.

தேதி சரியானாலும் தீபாவளி ஏமாற்றிவிடும். 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20 என்று பண்டிகை முன்னே நகர்ந்து வந்தது. அக்டோபர் 25 வரை என்று 2024-ஐயும் 2025-ஐயும் ஒப்பிட்டால் என்ன ஆகும்? 2025-ல் பண்டிகை வியாபாரம் முடிந்தேவிட்டது. 2024-ல் கடைசி வாரக் கூட்டம் இன்னும் கடைக்கே வரவில்லை. மைதா, கடலை மாவு, எண்ணெய், நெய் எல்லாம் ஏறித் தெரியும். வளர்ச்சி என்று எண்ணி மேலும் சரக்கு இறக்கினால், கார்த்திகையில் மாவு வண்டு வைத்துக் குடோனில் கிடக்கும். பலகாரச் சரக்கை மட்டும் தீபாவளிக்கு முந்தைய 30 நாள் என்று தனியே எடுத்து ஒப்பிடுவதே நல்லது. பொறுக்க முடியுமானால் நவம்பர் முடியட்டும். அப்போது எல்லா ஆண்டிலும் பண்டிகை உள்ளே வந்துவிடும். பொங்கலில் இந்தத் தொல்லை இல்லை. சேமியாவும் பேரீச்சம்பழமும் விற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 2024-25 நிதியாண்டில் ஏப்ரல் 11, மார்ச் 31 என இரண்டு ரம்ஜான் வந்தன.

ரூபாயை விட எண்ணிக்கையே நம்பத்தக்கது. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, தலை எண்ணெய் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் 100 ரூபாயாக இருந்த சரக்கு 118-க்குப் போனது போய் 105-க்குப் போகிறது. அதே அளவு விற்றாலும், வரி சேர்த்த தொகை 11 சதவீதம் சரிந்ததாகத் தெரியும். எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் உண்டு. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அரிசிச் சிப்பத்துக்கு வரி வந்ததும் பல ஆலைகள் 26 கிலோவுக்கு மாறின. அந்த ஆண்டுகளைச் சிப்பக் கணக்கில் பார்க்காமல், கிலோவாக மாற்றிப் பார்க்க வேண்டும்.