சேலையில் ஏறாத பறவை

காஞ்சிப் பட்டுக்குப் பறவைகள் புதிதில்லை. அன்னப்பட்சி, மயில், கிளி, இருதலைப்பட்சி என்று கரையிலும் முந்தானையிலும் வரிசை கட்டி நிற்கும். ஆனால் நம் மாநிலத்து மழைக்காட்டில் நிஜமாகவே பறக்கிற ஒரு பறவையை, இருதலைப்பட்சிக்குக் கொஞ்சமும் குறையாத விசித்திரத்தை, நான் இதுவரை எந்தச் சேலையிலும் பார்த்ததில்லை. அதுதான் இருவாச்சி.

காட்டுக்கும் காஞ்சியை ஒட்டிய செவிலிமேட்டுக்கும் ஐதீகத்தில் ஓர் உறவு உண்டு. விந்தியக் காட்டில் தனித்து நின்ற இளம் இராமானுஜரை, வேடனும் வேடுவச்சியுமாக வந்த வரதராஜரும் பெருந்தேவித் தாயாரும் காஞ்சிக்கு அழைத்துவந்தார்கள். அவர்களுக்கு அவர் தண்ணீர் மொண்டு கொடுத்த சாலைக்கிணறு செவிலிமேட்டில்தான் இருக்கிறது. விந்தியக் காடு வெயில் காலத்தில் இலையுதிர்த்து நிற்கும் காடு. நான் சொல்லவருவது ஆனைமலையின் பசுமை மாறாத காடு. பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை.

காஞ்சிபுரத்துக்காரர்கள் பறவை பார்க்கக் கற்றுக்கொள்ளும் இடம் வேடந்தாங்கல். வேட்டைக்காரர்கள் சுட்டுத் தொலைக்கிறார்கள் என்று ஊர்க்காரர்கள் முறையிட, 1798-இலேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு எழுதிக் கொடுத்த ஏரி அது. கரையில் நின்றால் போதும். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் தாமே கண்ணில் விழும். அந்தப் பழக்கத்தோடு மழைக்காட்டுக்குப் போகிறவர் முதல் நாள் ஏமாந்துதான் திரும்புவார். பகலிலும் அங்கே அரையிருட்டு. மரங்கள் அண்ணாந்தாலும் உச்சி தெரியாத உயரம். அரை மணி நேரம் ஒன்றும் அசையாது. திடீரென்று பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக இரை தேடிக்கொண்டு வரும். துடுப்புவால் கரிச்சான் நடுவில் நின்று மற்றவற்றின் குரலில் கத்தும். பைனாகுலரைச் சரிசெய்வதற்குள் எல்லாம் போய்விடும். தவளைவாயன் ஜோடியாகக் கிளையில் உட்கார்ந்திருந்தாலும் காய்ந்த சருகென்றே நினைத்துக் கடந்துவிடுவோம். இங்கே காதுதான் முதல் கருவி.

இருவாச்சியும் முதலில் காதுக்கே வரும். ரயில் இன்ஜின் நீராவி விடுவதுபோல் சிறகடிக்கும் ஓசை தூரத்திலிருந்தே கேட்கும். பறப்பதற்கான பெரிய இறகுகளின் அடிப்பகுதியை மூடச் சிறகின் கீழே சிற்றிறகுகள் இல்லை. இடைவெளியில் காற்று புகுந்து இரைகிறது. பிறகு அது தெரியும்: ஒரு மீட்டர் நீள உடல், ஒன்றரை மீட்டர் சிறகு விரிப்பு, மஞ்சள் அலகின் மேல் இன்னொரு அடுக்காக ஒரு கொண்டை. அந்த மஞ்சளில் ஒரு பகுதி அது தானே பூசிக்கொள்வது. வாலடியில் சுரக்கும் எண்ணெயை அலகிலும் வெள்ளை இறகிலும் தேய்த்துக்கொள்கிறது. ஆணுக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு வெள்ளை.

குடும்பம் நடத்தும் விதம் இதையெல்லாம் மிஞ்சும். பெரிய மரப் பொந்துக்குள் பெண் புகுந்து, தன் எச்சத்தாலும் பழச் சக்கையாலும் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிஞ்சும். ஒன்று அல்லது இரண்டு முட்டை. உள்ளே இருக்கும்போதே பறக்கும் இறகுகளை உதிர்த்துவிடுவதால், நினைத்தாலும் அதனால் பறந்துவிட முடியாது. வாரக்கணக்கில் ஆண்தான் அத்தியும் ஆலும் விழுங்கிவந்து ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டும். ஆணுக்கு ஏதாவது ஆனால் உள்ளே இருப்பவற்றின் கதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் சிக்கல் பொந்துதான். மரங்கொத்திபோல் இதற்குப் பொந்து குடையத் தெரியாது. வயதான, பருத்த மரத்தில் தானாக உண்டான பொந்து வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வால்பாறைக் காடு தேயிலைக்காக வெட்டப்பட்டு, இன்று மிஞ்சியிருப்பவை துண்டு துண்டான சோலைகள். நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரத்தில் இருவாச்சி வந்து உட்காரும். தின்ன அதில் பழம் இல்லை. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பைச் சேர்ந்த திவ்யா முத்தப்பா, டி. ஆர். சங்கர் ராமன் முதலியோர் எஸ்டேட்டுகளோடு சேர்ந்து இந்தத் துண்டுகளில் நாட்டு மரக்கன்றுகளை நட்டுவருகிறார்கள். இருபதாண்டுக்கு மேலான வேலை. ஆனாலும் இன்று நட்ட கன்று பொந்து தர நம் பேரன் காலம் வந்துவிடும். எனவே கன்று நடுவதைவிட நிற்கிற கிழ மரத்தை வெட்டாமல் விடுவதே முக்கியம் என்பது என் கட்சி. பொந்து கிடைத்துவிட்டால், விழுங்கிய விதைகளைத் தூரத்தில் போட்டுக் காட்டை வளர்க்கும் வேலையை அந்தப் பறவை சம்பளமில்லாமல் செய்கிறது.

கேரளத்து வாழச்சாலில் காடர் பழங்குடியினர் இருவாச்சிக் கூடுகளைக் காவல் காக்கிறார்கள். ஒரு காலத்தில் குஞ்சுகளை எடுத்துவந்தவர்களும் அவர்களே.

இப்போதெல்லாம் பெரிய லென்ஸ் கேமராவோடு கூட்டமாகப் போய்க் கூட்டு மரத்தடியில் முகாம் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கீழே ஆள் நின்றால் ஆண் பறவை இரையோடு நெருங்கத் தயங்கும். அவர்களுக்குப் படம் கிடைக்கும் நேரத்தில் உள்ளே பசி. ஜனவரி முதல் மே வரை கூட்டுக்காலம். அந்த மாதங்களில் போனால் சாலையோரத்தில் நின்றே பாருங்கள். பறவையின் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டுக் கூப்பிடாதீர்கள்.

பறவை பார்த்துப் பழக வால்பாறைவரை போகவும் வேண்டாம். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. செவிலிமேட்டுப் பாலாற்றுக் கரையில் பதினைந்து நிமிடம் நின்று, ஆள்காட்டி, பஞ்சுருட்டான், பனங்காடை என்று கண்ணில் பட்டதை எண்ணி இபேர்ட் (eBird) இணையதளத்தில் ஏற்றினால் அதுவும் கணக்கில் சேரும். வருகிற பொங்கலுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.