ராமேஸ்வரத்தில் இறங்கிய இலங்கைப் படை... மதுரை வாசலில் தைக்கப்பட்ட தலைகள்! 850 ஆண்டுக்கு முந்தைய போரில் நெல்லை யார் பக்கம்?

கடல் தாண்டிப் படையெடுப்பு என்றதுமே நமக்கு ராஜேந்திர சோழன் கடாரம் போனதுதான் ஞாபகத்துக்கு வரும். அது இங்கிருந்து அங்கே போன கதை. அங்கிருந்து இங்கே வந்த கதையும் ஒன்று இருக்கு. 12-ஆம் நூற்றாண்டில், 1160-களின் பிற்பகுதியில், இலங்கை மன்னர் முதலாம் பராக்கிரமபாகுவின் படை கப்பல் கப்பலாக வந்து ராமேஸ்வரத்தில் இறங்கியது. அங்கிருந்து மதுரை வரை போனது. இந்தச் சண்டை திருநெல்வேலிச் சீமையையும் இழுத்துக்கொண்டது.

இதில் ஒரு வசதி, போரில் மோதிய ரெண்டு தரப்பும் தங்கள் தங்கள் கதையை எழுதி வைத்திருக்கிறார்கள். இலங்கைப் பக்கம், பாலி மொழியில் பிக்குகள் எழுதிய 'சூளவம்சம்'. தமிழ்நாட்டுப் பக்கம், சோழர் காலக் கல்வெட்டுகள். ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரே போரில் ரெண்டு பேருமே ஜெயித்திருக்கிறார்கள்! எப்படி?

சண்டை எங்கே ஆரம்பித்தது?

இது முதலில் சோழருக்கும் சிங்களருக்குமான போர் இல்லை. பாண்டியர் வீட்டுப் பங்காளிச் சண்டை. மதுரையில் பராக்கிரம பாண்டியன் ஆண்டுகொண்டிருந்தார். அரியணை எனக்குத்தான் என்று குலசேகர பாண்டியன் வந்து மதுரையை முற்றுகையிட்டார். உள்ளே மாட்டிக்கொண்ட பராக்கிரம பாண்டியன், இலங்கைக்கு ஆள் அனுப்பி உதவி கேட்டார்.

பராக்கிரமபாகு தன் தளபதி இலங்காபுரன் தலைமையில் படையைத் திரட்டினார். ஆனால் மாதோட்டம் துறைமுகத்தில் இருந்து கப்பல் கிளம்புவதற்கு முன்பே மதுரை விழுந்துவிட்டது. பராக்கிரம பாண்டியனும் அவர் மனைவி மக்களும் கொல்லப்பட்டார்கள். உதவி கேட்டவரே போய்விட்டார், படை திரும்பியிருக்க வேண்டியதுதானே? இல்லை. 'போ, நாட்டைப் பிடி, செத்தவரின் வாரிசிடம் கொடு' என்று உத்தரவு வந்ததாகச் சூளவம்சம் சொல்கிறது. தப்பிப் பிழைத்த இளைய மகன் வீரபாண்டியன் அப்போது மலைநாட்டில் ஒளிந்திருந்தார்.

இலங்கையின் கணக்கு என்ன?

நட்புக்காக மட்டும் ஒரு அரசர் இவ்வளவு செலவு செய்வாரா? இதற்குப் பின்னால் பழைய வடு ஒன்று இருக்கு. ராஜராஜன் காலத்தில் சோழப் படை அனுராதபுரத்தைப் பிடித்தது. 1017-இல் மன்னர் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டு, சோழ நாட்டிலேயே உயிர்விட்டார். 1070-இல்தான் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றினார். அதாவது, பராக்கிரமபாகுவுக்கு இது நூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. மதுரையில் தனக்கு வேண்டிய ஒரு பாண்டியன் உட்கார்ந்தால், சோழருக்கும் இலங்கைக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் கிடைத்த மாதிரி. கொழும்பிலோ பொலன்னறுவையிலோ இருந்து பார்த்தால் இது ஆக்கிரமிப்பு இல்லை, பாதுகாப்பு ஏற்பாடு.

ஏன் ராமேஸ்வரம்?

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் கடல் சுமார் 30 கி.மீ.தான். மாதோட்டத்தில் கிளம்பிய கப்பல்கள் ஒரு பகலும் ஓர் இரவும் ஓடிக் கரை சேர்ந்ததாகச் சூளவம்சம் சொல்கிறது. கரையில் நின்றவர்கள் அம்பு மழை பொழிய, வீரர்கள் தோல் காப்பு போட்டுக்கொண்டு சிறு படகுகளில் இறங்கினார்களாம்.

கடல் வழிப் படையெடுப்பில் இறங்குவது பாதி வேலைதான். 1944 ஜூன் 6-இல் நார்மண்டியில் இறங்கிய நேச நாட்டுப் படையும் முதலில் தேடியது, சாப்பாடும் ஆயுதமும் தொடர்ந்து வந்து சேர ஒரு துறையைத்தான். இலங்காபுரனும் அதையே செய்தார். ராமேஸ்வரத்தைப் பிடித்த கையோடு, பக்கத்தில் குந்துகால் என்ற இடத்தில் ஒரு கோட்டை கட்டி, அதற்குத் தன் அரசன் பெயரையே வைத்தார். பாம்பன் தீவில் குந்துகால் முனை இன்றும் அதே பெயரில் இருக்கு. பின்னால் ஜகத்விஜயன் என்ற இன்னொரு தளபதி கூடுதல் படையோடு வந்து சேர்ந்தது இப்படி ஒரு தளம் இருந்ததால்தான்.

தாமிரபரணி முகத்துவாரத்தில் இறங்கியிருந்தால்? முத்துக்குப் பேர் போன கொற்கை அங்கேதானே இருந்தது என்று கேட்கலாம். ஆனால் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் விலகிப்போக, கொற்கையின் துறைமுக வாழ்வு மங்கிவிட்டது. இன்று அந்த ஊர் கடலில் இருந்து பல கி.மீ. உள்ளே தள்ளி இருக்கு. (இலங்கையின் பழைய பெயர்களில் ஒன்று 'தம்பபண்ணி'. தாமிரபரணியும் அதுவும் ஒரே பெயர்தான். ரெண்டு கரைக்கும் உறவு அவ்வளவு பழசு.)

நெல்லை எங்கே வருகிறது?

மதுரைக்கு ஆபத்து வந்தால் பாண்டியர்கள் தெற்கே நகர்வது வழக்கம். குலசேகரனுக்கும் அப்படித்தான். அவர் படை திரட்டிய இடங்களில் கொங்கு நாட்டோடு திருநெல்வேலியையும் சூளவம்சம் சேர்த்துச் சொல்கிறது.

இதற்கு வரைபடத்தைப் பார்த்தாலே போதும். ராமநாதபுரம் பக்கம் வானம் பார்த்த பூமி. அங்கே எந்தப் படையும் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க முடியாது. தாமிரபரணிப் பாசனம் அப்படி இல்லை. பொதிகையில் ரெண்டு பருவமழையும் பிடிக்கும் ஆறு. கார், பிசானம் என்று ரெண்டு போகம் விளையும். நெல் இருக்கும் இடத்தில் படைக்குச் சோறு இருக்கும். மேற்கே செங்கோட்டைக் கணவாய், தெற்கே ஆரல்வாய்மொழி என்று மலையைத் தாண்டவும் வழி உண்டு. மதுரையை இழந்த ஒருவர் மறுபடி எழுந்து நிற்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

ஆனாலும் முதல் சுற்று இலங்காபுரனுக்கே. குலசேகரன் தோற்று ஓட, மதுரையில் வீரபாண்டியனுக்கு முடிசூட்டப்பட்டது. பராக்கிரமபாகு பெயர் பொறித்த காசு அங்கே புழக்கத்துக்கு விடப்பட்டது. போரில் பிடிபட்ட தமிழர்கள் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். எதற்குத் தெரியுமா? முன்பு தமிழ்ப் படைகளால் சேதமான அனுராதபுரத்து ருவன்வெலி தாது கோபத்தைப் பழுதுபார்க்க! சூளவம்சத்துக்கு இது பெருமையான செய்தி. வைகைக் கரையில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்கு இது எப்படிப்பட்ட செய்தி என்று சொல்லத் தேவையில்லை.

வெற்றிக்கு நினைவாக 'பண்டுவிஜயக' என்று ஒரு ஊரே உண்டாக்கப்பட்டது. சூளவம்சம் கதையை இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறது.

சோழர் சொல்லும் மீதிக் கதை

தோற்ற குலசேகரன் போய் நின்றது சோழர் வாசலில். அப்போது சோழர் வீட்டிலும் நிலைமை சரியில்லை. இரண்டாம் ராஜராஜன் இறந்தபோது அவர் பிள்ளைகளுக்கு ஒன்றும் இரண்டும்தான் வயசு. அந்தக் குழந்தைகளைப் பத்திரப்படுத்தி, இரண்டாம் ராஜாதிராஜனை அரியணையில் ஏற்றியவர் பல்லவராயர் என்ற அதிகாரி. இலங்கைப் படையை எதிர்கொள்ளும் பொறுப்பும் அவர் தலையில்தான் விழுந்தது. இதையெல்லாம் சொல்வது மயிலாடுதுறை பக்கம் உள்ள பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு.

பயம் எவ்வளவு தூரம் பரவியது என்பதற்குக் காஞ்சிபுரம் அருகே உள்ள ஆர்ப்பாக்கம் கல்வெட்டைப் பார்க்கணும். மதுரையில் இருந்து 400 கி.மீ. தள்ளி இருந்த எதிரிலிசோழ சம்புவராயர் என்ற சிற்றரசர், இலங்கைப் படை வந்துவிடக் கூடாது என்று உமாபதிதேவர் என்ற சிவாச்சாரியாரிடம் முறையிட, அவர் 28 நாள் பூஜை செய்திருக்கிறார். ராமேஸ்வரம் கோயிலில் வழிபாடு தடுக்கப்பட்டு, பொருள்கள் கொள்ளை போனதாகவும் அதே கல்வெட்டு சொல்கிறது. பூஜைக்குப் பிறகு எதிரிகள் ஓடிவிட்டதாகச் செய்தி வந்ததாம். உமாபதிதேவருக்குக் கிடைத்த பரிசு, ஆர்ப்பாக்கம் ஊரே!

பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டோ, இலங்காபுரனும் மற்ற தளபதிகளும் கொல்லப்பட்டார்கள், அவர்கள் தலைகள் மதுரை வாசலில் தைக்கப்பட்டன என்கிறது. ஓடினார்களா, செத்தார்களா? சோழர் பக்கமே ரெண்டு விதமாகப் பேசுகிறது. ஒன்று ராஜாதிராஜனின் 5-ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது, மற்றது 8-ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது. முதலில் பின்வாங்கி, அடுத்த சுற்றில் பலியானார்கள் என்று வைத்துக்கொண்டால் ரெண்டும் பொருந்தும். சூளவம்சம் பண்டுவிஜயகவோடு சட்டென்று முடிவதற்கான காரணமும் இதில் புரிகிறது. ரெண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது, தங்களுக்குப் பிடித்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

இங்கேதான் ட்விஸ்ட்!

பராக்கிரமபாகு விடவில்லை. ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வலிகாமம், மட்டிவாழ் என்று வட இலங்கையில் மறுபடி படையும் கப்பலும் திரட்டினார். ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. சோழர் தரப்பில் அண்ணன் பல்லவராயர் ஒரு காய் நகர்த்தினார். பராக்கிரமபாகுவின் மருமகன் ஸ்ரீவல்லபன், அரியணை உரிமை கோரியபடி சோழ நாட்டில்தான் இருந்தார். அவரோடு ஒரு படையைக் கடல் தாண்டி அனுப்பி ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம் ஆகியவற்றை அழித்து, யானைகளைக் கைப்பற்றி வந்தார்கள். படையெடுத்தவர் வீட்டுக்கே படையெடுப்பு. இதைச் சொல்வது திருவாலங்காட்டுக் கல்வெட்டு.

இதன்பின் பராக்கிரமபாகு ஆளை மாற்றினார். நேற்று வரை எதிரியான குலசேகரனுக்கே பரிசும் கடிதமும் அனுப்பினார். குலசேகரனும் சாய்ந்தார். சோழர் தயவில் மதுரை திரும்பியவர், சோழருக்கு வேண்டிய அதிகாரிகளை வெள்ளாற்றுக்கு வடக்கே விரட்டி, வாசலில் தைத்திருந்த இலங்கைத் தளபதிகளின் தலைகளையும் எடுக்க வைத்தார். கடிதங்கள் சோழர் கையில் சிக்கின. குலசேகரனை இறக்கிவிட்டு அவர்கள் அரியணை ஏற்றியது யாரை? இலங்கை கொண்டுவந்த அதே வீரபாண்டியனை!

அதுவும் நிலைக்கவில்லை. வீரபாண்டியன் மறுபடி இலங்கைப் பக்கம் சாய, மூன்றாம் குலோத்துங்கன் படை அனுப்பி அவரை நீக்கி, விக்கிரம பாண்டியனை மதுரையில் அமர்த்தினார். அதாவது ஒரே தலைமுறைக்குள் மதுரையில் சோழர் கை காட்டிய பாண்டியர் மூன்று பேர். இலங்கையில் பராக்கிரமபாகுவுக்குப் பின் ஆண்ட நிசங்கமல்லனோ, ராமேஸ்வரத்தில் 'நிசங்கேஸ்வரம்' கோயிலைப் புதுப்பித்ததாகத் தன் கல்வெட்டில் எழுதி வைத்தார். கோயிலைக் கொள்ளையிட்டார்கள் என்று ஆர்ப்பாக்கம் சொன்ன அதே ராமேஸ்வரம்.

அப்புறம் என்ன ஆச்சு?

1216-இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தர பாண்டியன், தஞ்சையையும் உறையூரையும் எரித்தார். சோழர் கை ஓய, தாமிரபரணி முகத்துவாரத்தில் காயல் பெரிய துறைமுகமாக வளர்ந்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ குறித்து வைத்த துறைமுகம் அது. அதே காலத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியனின் தளபதி ஆரியச் சக்கரவர்த்தி இலங்கைக்குக் கப்பலேறி, யாப்பகூவாவில் இருந்து புத்தரின் புனிதப் பல்லை எடுத்து வந்தார். அதைத் திரும்பப் பெற, மூன்றாம் பராக்கிரமபாகு தானே நேரில் பாண்டியர் அவைக்கு வரவேண்டியிருந்தது.