மருந்துப் புட்டியும் பள்ளிப் பிள்ளைகளும்

பாலிதீன் பையால் வரும் கேட்டை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். 2001-02-ல் தொடங்கிய தேசிய பசுமைப் படையும் சொல்லித் தருகிறது. தோட்டத்து மருந்துப் புட்டியைப் பற்றி நாம்தான் சொல்ல வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் கண்டால் மருந்து தெளிக்காமல் தீராது. காலிப் புட்டியை வாய்க்காலில் எறிந்தால் மிச்ச நஞ்சு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் கலக்கும். நெல்லுக்குப் பாய்வதும் ஊரார் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான்.

மருந்து கலக்கும்போதே புட்டியில் கால் பங்கு தண்ணீர் விட்டு, மூடிக் குலுக்கி, தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றவும். இப்படி மூன்று முறை. பிறகு அடியில் ஓட்டை போட்டுவிட்டால் யாரும் அதில் எண்ணெய் வாங்கி வைக்க முடியாது. கொளுத்த வேண்டாம்; புகையும் நஞ்சே. சாக்கில் கட்டிப் பூட்டி வைத்து, ஒப்படைக்கும் இடத்தை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்கவும்.

அலசுவது பெரியவர்கள் வேலை. பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும்.